மேடைக்கு இடப்பக்கம் ஒரு முக்காலி

நகராட்சி அலுவலகத்தில் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் ஒருநாளும் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினேழு வருஷமாக நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள். மாதத்தின் முதல் புதன்கிழமை மட்டும் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கறுப்பு உடை உடுத்திக்கொண்டு நகராட்சிக் கூடத்துக்குப் போவாள். கறுப்பு எதற்கென்றால், கை எடுப்பாகத் தெரிய வேண்டும். மேடைக்கு இடப்பக்கம், மின்விசிறிக்குக் கீழே, அவளுக்கென்று ஒரு முக்காலி. கவுன்சிலர்கள் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்ல வேண்டும். எதிரில் இருக்கும் காது கேளாதவர்கள் கையால் கேட்பதை அவள் வாயால் கேட்க வேண்டும்.

அவளுக்கு இது தொழிலாக வரும் முன்பே பிழைப்பாக இருந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது. வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் கேட்கும். அழுதால் அம்மாவுக்குத் தெரியாது என்று கண்டுகொண்டு, நடை பழகும் முன்பே அழுகையை விட்டுவிட்டு அம்மாவின் துணியைப் பிடித்து இழுக்கப் பழகியவள். அப்பாவின் ஈரல் இனித் தேறாது என்று டாக்டர் சொன்னபோது அதை அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான். அப்போது வயது பதினொன்று. “பக்குவமா எடுத்துச் சொல்லும்மா” என்றார் டாக்டர். அவளுக்குத் தெரிந்த சைகையில் சாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அதைச் சொன்னாள். அப்பா அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

கேள்வி நேரம் என்று ஒன்றை நகராட்சி தொடங்கியது ஆறேழு வருஷத்துக்கு முன்னால். பொதுமக்கள் நேரில் வந்து கேட்கலாம், கவுன்சிலர்கள் மேடையிலிருந்து பதில் சொல்வார்கள். சைகை தெரிந்த ஒருவர் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்து விதி. ஊரில் விசாரித்தார்கள், அவளைத் தவிர ஆள் கிடைக்கவில்லை.

முதல் மாதம் பதினான்கு பேர் வந்தார்கள். அதுவரை நகராட்சிப் படியே ஏறாதவர்கள். சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர்கள், ஒரு தையல்காரர், ஒரு பெயிண்டர். அவர்களுக்கெல்லாம் தலையாக ஒரு தச்சர். அவள் அப்பாவின் சிநேகிதர். அவளுக்கு அண்ணன் முறை வைத்துத்தான் பழக்கம். அவர் மனைவி அண்ணி, அவளுக்கும் காது கேட்காது. தச்சர் கை மாதிரி ஒரு கை அந்த ஊரில் கிடையாது. இழைப்புளி பிடித்துக் காய்த்த தடித்த விரல்கள். ஆனால் பேச ஆரம்பித்தால் கண் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டும். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் சைகையில் பெயர் வைத்துவிடுவார். நகராட்சித் தலைவர் பேசும் முன்பு மீசையை ஒருதரம் நீவுவார். ஆகவே அவர் மீசை. சுகாதாரக் குழு கவுன்சிலர் கஷ்டமான கேள்வி வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவர் கண்ணாடி. முதல் கூட்டம் முடிந்து படியிறங்கும்போது தச்சர் கண்ணாடியைப் போலத் துடைத்து, ஊதி, வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி துடைத்துக் காட்டினார். பதினான்கு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசல் காவலாளி என்னவோ ஏதோ என்று எழுந்து வந்துவிட்டார்.

தச்சர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. நகராட்சி மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். நர்ஸ் கதவைத் திறந்து பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் எழுந்து வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். காது கேட்காதவர்கள் என்ன செய்வார்கள்? கதவையே பார்த்துக்கொண்டு உட்காரலாம். கதவு திறந்தால் பத்துப் பேர் எழுவார்கள். நர்ஸின் முகமும் தெரியாது, உதடும் தெரியாது. “வங்கியில இருக்கிற மாதிரி ஒரு நம்பர் பலகை வைங்க. சிவப்பு லைட்டுல நம்பர் வந்தா நாங்களே எந்திரிச்சு வந்துடுவோம்.”

அவள் அதை வாயால் கேட்டாள். கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்தார். “மிகவும் நல்ல யோசனை. பரிசீலிக்கப்பட்டு, விரைவில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.”

காதால் கேட்கிறவர்களுக்கு இந்த மாதிரிப் பேச்சு பழகிப்போன இரைச்சல். கையால் சொல்ல வரும்போதுதான் அதற்குள் ஆளே இல்லை என்று தெரிகிறது. அவர்கள் சைகையில் ஒரு காரியத்தைச் சொன்னால், செய்கிறவர் யார் என்று காட்டியாக வேண்டும். கை ஒரு இடத்திலிருந்து கிளம்பி ஒரு இடத்துக்குப் போக வேண்டும். ‘எடுக்கப்படும்’ எங்கிருந்து கிளம்பும்? அவள் ஒரு நொடி தயங்கி, மேடையைப் பொதுவாகச் சுட்டிக்காட்டி, யோசிப்பார்கள், செய்வார்கள் என்றாள்.

“யாரு?” என்றார் தச்சர். மேடையில் பதினெட்டு பேர் இருந்தார்கள்.

அவள் அதைக் கேட்டாள். “சம்பந்தப்பட்ட துறை” என்றார் கண்ணாடிக்காரர்.

இப்படியே மூன்று வருஷம். பரிசீலனை, நிதி ஒதுக்கீடு, ஒப்பந்தப்புள்ளி, மறு ஒப்பந்தப்புள்ளி, மீண்டும் பரிசீலனை. காது கேட்கிற ஜனங்களுக்கும் இதே கதிதான். சாக்கடை கேட்டவருக்கும், தெருவிளக்கு கேட்டவருக்கும் கிடைத்தது இதே பதில்கள்தான். ஆனால் அவர்கள் கோபப்பட மேடையில் ஆள் இருந்தது. காது கேளாதவர்கள் மேடையைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்ப்பது அவளை. மாதாமாதம் அந்தப் பொய் வந்து இறங்கியது அவள் முகத்தில், அவள் விரலில். ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது, கூட்டத்துக்குத் தவறாமல் வரும் அம்மா கேட்டாள்: “போன மாசமும் நீ இதையேதானே சொன்னே?”

“நான் சொல்லலம்மா. அவங்க சொன்னாங்க.”

“நான் பார்த்தது உன் கையைத்தான்” என்றாள் அம்மா.

நான்காம் வருஷம், மழைக்கால ஆரம்பத்தில், தச்சர் ஒரு பழைய வீட்டுக் கதவைப் பிரிக்கும்போது துருப்பிடித்த ஆணி வலது உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்குக் கீழே இறங்கியது. அவருக்குச் சர்க்கரை உண்டு. மறுநாள் காலை கை வீங்கிவிட்டது. ஏழரைக்கு அவளுக்குச் செய்தி அனுப்பினார்: ‘கையில் அடி. ஆஸ்பத்திரி போறேன். கூட வரியா?’

கல்லூரி விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடைக்கு வெளியே பிள்ளைகள் வரிசை. முதலாளி வெளியூர் போயிருந்தார். கடையைப் பூட்டிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது வேலை இருக்காது. அவள் பதில் அனுப்பினாள்: ‘கடையில தனியா மாட்டிக்கிட்டேன் அண்ணா. காது கேக்காதுன்னு எழுதி சீட்டு குடுக்கிறவர்கிட்ட காட்டுங்க. நாளைக்குன்னா வரேன்.’

அவர் எழுதிக் காட்டினார். சீட்டுக் கொடுத்தவர் தலையாட்டி, காகிதத்தை மேஜைமேல் இருந்த கண்ணாடித் தகட்டுக்குக் கீழே செருகினார். பத்து மணிக்குச் சீட்டுக் கொடுத்தவரின் வேலை நேரம் முடிந்து வேறொருவர் வந்து உட்கார்ந்தார். காகிதம் கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. பதினோரு மணி வாக்கில் மூன்று தரம் தச்சர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் இரண்டாவது பெஞ்சில், வீங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு, கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் காய்ச்சலில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. விஷயம் தெரிந்து அவள் ஓடியபோது அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். கை கறுத்திருந்தது. பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். அங்கே அவளுக்குக் காத்திருந்தது மறுபடியும் அதே வேலை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு, மோதிர விரல் பாதி, எடுத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மணிக்கட்டு வரைக்கும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அவள் தச்சரிடம் சொன்னாள். அவர் கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“விரல் போனா வேலை போகும். அது பரவாயில்லை” என்றார். “நான் எப்படிப் பேசறது?”

இரண்டு மாதம் கழித்து கேள்வி நேரத்துக்கு வந்தார். கட்டு பிரித்திருந்தது. எப்போதும் உட்காரும் முன்வரிசை. முறை வந்ததும் எழுந்தார். இடது கையும் மிச்சமிருந்த வலது கையுமாகப் பேசத் தொடங்கினார். நாக்கு பாதி அறுபட்டவர் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவளுக்குப் புரியவில்லை. அவர் பேச்சு புரியாமல் போனது அவளுக்கு அதுதான் முதல் தரம். எல்லாரும் பார்த்திருக்க, திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. ஒருதரம் இல்லை, மூன்று தரம்.

“அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன். எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும். என் பேரை ஏன் அடிச்சீங்க?” அவள் அதை ஒலிபெருக்கியில் கேட்டாள்.

கண்ணாடிக்காரர் இந்தத் தடவை எதையும் துடைக்கவில்லை. முன்னால் ஒரு பதிவேடு விரித்து வைத்திருந்தார். “சகோதரருக்கு ஏற்பட்ட துயரத்துக்கு வருந்துகிறோம். ஆனால் பதிவேட்டின்படி, பெயர் மூன்று முறை அழைக்கப்பட்டிருக்கிறது. அவர் வரவில்லை. ‘வரவில்லை’ என்றுதான் குறிக்கப்பட்டிருக்கிறது. பணியாளர்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை.”

நீ அங்கே இல்லை. இதை அவள் தச்சரிடம் சொல்ல வேண்டும். அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். கை பாதியில் நின்றது. அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். மேடைப் பக்கம் திரும்பி, “ஐயா, நான் ஒண்ணு சொல்லணும். அவர் எழுதிக் குடுத்த காகிதத்தை அப்புறம் போய் நானே பார்த்தேன், அந்த மேஜையில கண்ணாடிக்குக் கீழே இன்னமும்...”

தலைவர் மீசையை நீவினார். கோபமே இல்லை. “டீச்சரம்மா, உட்காருங்க. அவர் கேக்கிறதை நீங்க கேக்கலாம், நாங்க சொல்றதை நீங்க சொல்லலாம். நடுவுல உங்களுக்குன்னு பேச்சு கிடையாது. அது விதி. உங்களுக்குத் தெரியாததா?”

விதி அப்படித்தான். அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதத்தில் நாலாவது வரி. யாராவது ஒருவர், காது கேட்கிற யாராவது ஒருவர், பேச விடுங்களேன் என்று சொல்லியிருக்கலாம். சாக்கடை பற்றிக் கேட்க வந்தவர் தன் முறைக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் உட்கார்ந்தாள்.

“அவங்ககிட்ட என்ன சொன்னே?” என்று தச்சர் கேட்டார்.

“உங்களுக்காகப் பேசப் பார்த்தேன். விடமாட்டேங்கறாங்க.”

“விடலை. சரி. நீ உட்கார்ந்துட்டே.” இதை மட்டும் அவர் இடது கையாலேயே தெளிவாகச் சொன்னார். இது அவளுக்கு ஒருதரத்திலேயே புரிந்தது.

பத்திரிகையில் அந்த வாரம் ஒரு மூலையில் செய்தி வந்தது. விரல் போன செய்தி சிறியதுதான். ஆனால் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்துவிட்டது. மூன்று வருஷம் பரிசீலிக்கப்பட்ட பலகை பத்தொன்பது நாளில் வந்து சேர்ந்தது. திறப்பு விழாவுக்குத் தச்சரை அழைத்து வர நகராட்சி ஜீப் அவர் வாசலுக்கே போனது. போகமாட்டேன் என்றவரை அண்ணிதான் கிளப்பினாள். “நீங்க கேட்டு வாங்கினது. ஒருதரம் கண்ணால பார்த்துட்டு வந்துடலாம்.”

வாசலில் ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் கத்தரிக்கோலை எடுத்துத் தச்சரிடம் நீட்டினார். வலது கைக்குக் கத்தரிக்கோல் பிடிக்க விரல் இல்லை. இடது கையில் வாங்கி வெட்டினார். அது வலது கைக்கான கத்தரிக்கோல். ரிப்பன் வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கியது. இன்னொரு தரம். மறுபடியும் மடங்கியது. மரத்தை மயிரிழை பிசகாமல் அறுத்தவர், கூட்டத்துக்கு நடுவில் ஒரு முழம் ரிப்பனோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் தலைவர் அவர் கைமேல் தன் கையை வைத்து அழுத்தி வெட்டி, அப்படியே படக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். மறுநாள் அந்தப் படம் பெரிதாக வந்தது.

ஒன்று சொல்லிவிட வேண்டும். பலகை நன்றாக வேலை செய்தது. இன்றைக்கும் செய்கிறது. சிவப்பு எழுத்தில் எண் வருகிறது, கூடவே ஒரு மணியும் அடிக்கிறது. மணி எதற்கென்று தெரியவில்லை.

அடுத்த மாதம் வரவு செலவுத் திட்டக் கூட்டம். அன்றைக்குத் தலைவரே வாசித்தார். அவளுக்கு எந்தத் தாளும் முன்கூட்டிக் கொடுப்பதில்லை. காதில் விழ விழக் கையில் கொண்டுவர வேண்டும். நம் பேச்சில் வினை கடைசியில்தான் வரும். நல்லதா கெட்டதா என்று தெரிவதற்குள் கை பாதி தூரம் போயிருக்கும்.

“மருத்துவமனை எண் பலகைக்கு ஆன செலவு, அதே தலைப்பின் கீழ் கேள்வி நேரச் சைகைப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருந்த தொகையிலிருந்து ஈடுகட்டப்படுகிறது. பலகை வந்துவிட்டதால் அப்பணி இனித் தேவைப்படாது எனக் கருதப்படுகிறது.”

மருத்துவமனை. பலகை. செலவு. பணம் இங்கிருந்து. அவள் விரல் அவளையே சுட்டியபோதுதான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. முடித்தாள். விதிப்படி ஒரு வார்த்தை விடாமல் முடித்தாள்.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஐந்தே பேர். தச்சர் வரவில்லை. இந்த நாலு வருஷத்தில் ஒரு கேள்வியும் கேட்காத அம்மா எழுந்து நின்றாள்.

“இவ போயிட்டா நீங்க சொல்றது எங்களுக்கு எப்படித் தெரியும்?”

அதை அவள்தான் கேட்க வேண்டும். தன் தாய் தன்னைப் பற்றிக் கேட்ட கேள்வியை, தாய்க்கு இல்லாத குரலில், ஒலிபெருக்கியில்.

“நல்ல கேள்வி” என்றார் தலைவர். “பதில்கள் அனைத்தும் இனி அச்சடித்துக் கொடுக்கப்படும். வீட்டுக்கே கொண்டுபோய் நிதானமாகப் படிக்கலாம்.”

அம்மாவின் பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் உதட்டை அசைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலேயே பொழுது போய்விட்டது. எழுத்துக்கு நேரம் இருக்கவில்லை. தன் பெயரையும் நாலு பேருந்து எண்ணையும் தவிர அம்மாவுக்கு எதுவும் படிக்கத் தெரியாது. இதை மகள் அறிவாள். தலைவர் கேட்கவில்லை, அவளுக்குச் சொல்லவும் பேச்சு கிடையாது.

பிறகு ஓட்டெடுப்பு. மேடையில் பதினெட்டு கைகள் உயர்ந்தன. கண்ணாடிக்காரர் இரண்டு கையும் தூக்கிவிட்டு, சிரித்துக்கொண்டே ஒன்றை இறக்கினார். அவள் சைகை செய்யவில்லை. தேவையும் இருக்கவில்லை. அந்த மேடையில் நாலு வருஷத்தில் காது கேளாதவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாமலே புரிந்தது அது ஒன்றுதான்.

முக்காலியை யாரோ தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். அவள் பேருந்து ஏறிக் கடைக்குப் போனாள். அரைநாள் விடுப்பு இருந்தும் போனாள்; வீட்டில் அம்மாவுக்கு எதிரில் உட்கார முடியாது என்று தோன்றியது. அடுத்த தேர்தலில் தலைவரும் கண்ணாடிக்காரரும் மறுபடி ஜெயித்தார்கள். கேள்வி நேரம் இன்னும் நடக்கிறது. காது கேளாதவர்கள் யாரும் போவதில்லை. ஆகவே அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை என்று ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அவளே நகல் எடுத்துக் கொடுத்தாள்.

தச்சர் கருவிகளையெல்லாம் கொடுத்துவிட்டு ஒரு கிடங்கில் காவலுக்குப் போனார். காது கேட்காத காவலாளியை வைத்துக்கொள்ள அந்த முதலாளிக்கு என்ன துணிச்சலோ என்று ஊரில் சிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒரு சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்துவிட்டு அவரே சாலையைக் கடந்து வந்தார். முகம் மெலிந்திருந்தது; கண் பழைய கண். வந்ததும் ஒரு கதையை எடுத்தார். கிடங்கு, ஒரு நாய், முதலாளி, அப்புறம் வேறு எதுவோ. இடது கை வெகுவாகத் தேறியிருந்தது. வலது கை வர வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரு பள்ளம் விழுந்தது. அவர் அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தாண்டி ஓடினார். அவள் பின்னால் ஓடிப் பார்த்தாள். பாதி பிடிபட்டது. கடைசியில் அவர் தோளைக் குலுக்கி நிறுத்தியபோது, சிரிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று தெரிந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது அண்ணா” என்றாள் அவள், கையால்.

பேருந்து வந்தது. இருவருக்கும் அதே பேருந்துதான்; அவர் அதில் ஏறவில்லை.